மெதுவான ஆர்கன் இசையில் எது மெதுவாகப் போகிறது?

தமிழ்ப் படத்தில் ஆர்கன் சத்தம் வந்தால் ஒன்று சர்ச்சில் கல்யாணம், இல்லையென்றால் பேய் பங்களா. யூடியூபில் தேடினால் ‘மனதை உருக்கும் ஆர்கன்’, ‘தூக்கத்துக்கு ஆர்கன்’ என்று மணிக்கணக்கில் வந்து விழும். அதில் பலவும் கீபோர்டில் ஆர்கன் பட்டனைத் தட்டி வாசித்தவை. அந்தக் குவியலிலும் அசல் சரக்கு ஒன்று தவறாமல் கண்ணில் படும்: ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் எழுதிய, சுமார் மூன்று நிமிடத்தில் முடிந்துபோகிற ஒரு சின்னப் படைப்பு. ஜெர்மனில் அதன் பெயர் ‘இஷ் ரூஃப் ட்ஸூ டீர், ஹெர் யேசு கிறிஸ்ட்’. ‘ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, உம்மைக் கூப்பிடுகிறேன்’ என்று பொருள். பாக்கின் படைப்புகளுக்கு ஆய்வாளர்கள் கொடுத்த வரிசையில் எண் 639. ரஷ்ய இயக்குநர் தர்க்கோவ்ஸ்கி 1972-ல் எடுத்த ‘சொலாரிஸ்’ படத்தின் தொடக்கத்தில் ஒலிப்பதும் இதுதான். சர்ச் பக்கம் போகாத பலருக்கு இது அறிமுகமானது அந்தப் படத்தின் வழியாகத்தான்.

இதைப் பற்றிப் பேச்சுக்குக் குறைவில்லை. சாவுக்கு எழுதிய இசை என்பார்கள். வாசிப்பவர் உணர்ச்சியோடு கட்டைகளை மெல்ல அழுத்துவதால்தான் இப்படி உருக்குகிறது என்பார்கள். ரொம்ப மெதுவான இசை, அதனால்தான் தியானம் மாதிரி இருக்கிறது என்பார்கள். மூன்றும் சரியில்லை. கடைசியில் சொன்னதுதான் பெரிய தவறு. இந்தப் படைப்பில் மூன்று குரல்கள், அதாவது மூன்று தனித்தனி ஸ்வர ஓட்டங்கள், சேர்ந்து ஓடுகின்றன, அதில் மெதுவாகப் போவது ஒன்றே ஒன்று. அது எப்படி என்று புரிந்துகொள்ள இசை இலக்கணம் தேவையில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை சரளி வரிசை சாதகம் செய்ததைக் கேட்டிருந்தால் போதும்.

சாவுப் பாட்டு இல்லை

முதலில் பாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். இதன் மெட்டு பாக்குடையது அல்ல. மார்ட்டின் லூத்தர் காலத்தில், 1530-களை ஒட்டி ஜெர்மனியில் பரவிய சபைப் பாட்டு ஒன்றின் மெட்டு அது. வரிகளை யோஹான் அக்ரிகோலா எழுதியதாகச் சொல்வார்கள். லூத்தரன் சபையில் எல்லோரும் சேர்ந்து பாடுகிற இப்படிப்பட்ட பாட்டுக்குக் கோரல் என்று பெயர். ஒருவரே மேடையில் நின்று பாடுவதற்கானது இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற, சுருதியே சேராத ஆளும் கூடப் பாட வேண்டும். அதனால் மெட்டு எளிமையாக, அடிக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில் இருக்கும்.

வரிகளின் மையத்தில் சாவு இல்லை, பின்னால் வரும் சரணங்களில் போகிற போக்கில்தான் வருகிறது. ‘என் முறையீட்டைக் கேளும், மனம் தளர்ந்துபோக விடாதேயும், சரியான விசுவாசத்தைத் தாரும், உமக்காக வாழவும் அயலானுக்குப் பயன்படவும் அருளும்’ என்பதுதான் முதல் சரணத்தின் சாரம். உயிரோடு இருக்கிற ஒருவர், நாளையும் எழுந்து வேலைக்குப் போக வேண்டிய ஒருவர், தெம்பு கேட்டு வேண்டுகிற பாட்டு. அதைச் சாவு வீட்டில் கொண்டுபோய் நிறுத்தியது பிற்காலத்து ரசனை. இதன் ஸ்வரங்கள் மைனர் ஸ்கேல் என்ற வரிசையில் அமைந்தவை; அந்த வரிசையில் எது கேட்டாலும் சோகம் என்று நமக்குப் பழகிவிட்டது. சினிமா பழக்கிவிட்டது என்றும் சொல்லலாம்.

பாட்டுக்கு முன்னால் வருவது

சரி, சபையே பாடும் பாட்டை ஆர்கனில் ஏன் தனியாக எழுத வேண்டும்? ஆராதனையில் ஒரு கோரல் பாடப்போகிறார்கள் என்றால் அதற்கு முன் ஆர்கன் வாசிப்பவர் அந்த மெட்டைத் தன் போக்கில் விரித்து வாசிப்பார். மெட்டு நினைவுக்கு வரும், பாட்டின் மனநிலையும் சபைக்குள் இறங்கும், அதற்குள் ஜனங்களும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டித் தயாராகிவிடுவார்கள். இப்படி ஒரு கோரலை எடுத்து ஆர்கனுக்காக இழைத்த படைப்புக்குக் கோரல் பிரெலூட் என்று பெயர். நாம் பேசிக்கொண்டிருப்பது அப்படி ஒன்று.

பாக் இதை எழுதியது வைமார் நகரத்து அரண்மனையில் ஆர்கன் வாசித்த காலத்தில். 1708-ல் அங்கே போனபோது அவருக்கு வயது 23. 1717 வரை இருந்தார். அந்த ஆண்டுகளில் ‘ஓர்கெல்பூஹ்லைன்’, அதாவது சின்ன ஆர்கன் புத்தகம், என்று ஒரு தொகுப்பைத் தொடங்கினார். தொடங்கிய விதம் சுவாரசியமானது. வெற்றுத் தாள்களைத் தைத்துக்கொண்டு, பக்கத்தின் தலையில் கோரலின் பெயரை மட்டும் முதலில் எழுதிவிட்டார். மொத்தம் 164 பெயர்கள். பெரும்பாலானவற்றுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு பக்கம். அந்த இடத்துக்குள் இசையை அடக்க வேண்டும். எழுதி முடித்தவை 46. மற்ற பக்கங்கள் தலைப்போடு காலியாகக் கிடக்கின்றன. இந்தத் தொகுப்பின் பாட்டுகள் இவ்வளவு சுருக்கமாக, முன்னுரை பின்னுரை இல்லாமல், பெரும்பாலும் மெட்டை ஒரே ஓட்டத்தில் சொல்லி முடித்துவிடுவதற்குப் பக்க அளவும் ஒரு காரணம்.

முகப்புப் பக்கத்தில் நோக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறார். ஆர்கன் பழகத் தொடங்குகிறவர் ஒரு கோரலை எப்படியெல்லாம் விரிக்கலாம் என்று தெரிந்துகொள்ளவும், காலால் வாசிக்கும் பெடலில் தேர்ச்சி பெறவும் இந்தப் புத்தகம் என்கிறார். உலகமே உருகுகிற அந்த இசை, ஒரு பாடப் புத்தகத்தின் பயிற்சிப் பாடம். எனக்கு இது பிடித்திருக்கிறது. உணர்ச்சியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, காலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

இங்கே நம் பக்கத்துச் சங்கதி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாக் வைமாரில் இந்தப் பக்கங்களை நிரப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பாக்கைவிட மூன்றே வயது மூத்த ஜெர்மன் லூத்தரன் ஊழியர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இருந்தார். 1706-ல் வந்து இறங்கியவர். அங்கே அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-ல் பிரதிஷ்டை ஆனது. அவரும் அவருக்குப் பின் வந்த ஜெர்மன் ஊழியர்களும் கையோடு கொண்டுவந்தது இதே கோரல் மரபைத்தான். ஜெர்மன் மெட்டு மாறாமல் தமிழில் வார்த்தை பொருத்தினார்கள். அந்த ஊழியர்களில் ஒருவரான பப்ரிசியுஸ் அப்படி நிறைய மொழிபெயர்த்தார். தமிழ் லூத்தரன் சபைகளில் இன்றும் பாடுகிற ஞானப்பாட்டுகளில் பெரும்பகுதி அந்த வழியில் வந்தது. ஞானப்பாட்டு பாடி வளர்ந்தவர்களுக்குக் கோரல் பிரெலூட் கேட்பதில் ஒரு வசதி உண்டு. ஒரு மெட்டை வார்த்தையோடு மனப்பாடமாக வைத்திருக்கிற காதுக்கு, ஆர்கன் வார்த்தையில்லாமல் வாசித்தாலும் அந்த வரிகள் உள்ளே ஓடும். வைமாரில் உட்கார்ந்து கேட்டவர்களும் அப்படித்தான் கேட்டார்கள். வெறும் இசையாக இதைக் கேட்பது பின்னால் வந்த பழக்கம்.

இதுவரை பார்த்தது: கோரல் என்பது சபை பாடும் பாட்டு. அதை ஆர்கனில் விரித்து வாசித்தால் கோரல் பிரெலூட். நம் படைப்பு, தெம்பு கேட்டுப் பாடும் ஒரு வேண்டுதலின் மெட்டை எடுத்து இழைத்தது.

அழுத்தினாலும் தடவினாலும் ஒரே சத்தம்

இப்போது வாத்தியத்துக்கு வருவோம். இரண்டாவது தவறான எண்ணம் இங்கேதான் இருக்கிறது.

நமக்குப் பழக்கமான ஹார்மோனியத்தில் ஒரு கை கட்டையில் இருக்கும், இன்னொரு கை பின்னால் துருத்தியை ஆட்டும். காற்று உள்ளே போய் உலோக நாக்குகளை அதிரவைக்கும். துருத்தியை வேகமாக ஆட்டினால் சத்தம் கூடும், தளர்த்தினால் குறையும். பாடகர் மெதுவாக இழுக்கும்போது ஹார்மோனியக்காரர் கையைத் தளர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள்.

பைப் ஆர்கனிலும் துருத்தி உண்டு, கட்டை உண்டு. ஆனால் சத்தம் பெரும்பாலும் குழாயிலிருந்து வருகிறது. கீழே ஒரு மெல்லிய பிளவு வழியாகக் காற்று வந்து குழாயின் உதட்டில் மோதும், உள்ளே இருக்கும் காற்று அதிரும். புல்லாங்குழல் ஊதும்போது நடப்பதும் இதேதான். ஒரு குழாய் ஒரே ஒரு ஸ்வரம்தான் தரும். நாற்பது ஐம்பது கட்டை இருந்தால் நாற்பது ஐம்பது குழாய் வேண்டும். குழாய் நீளமாக ஆக ஸ்வரம் கீழே இறங்கும். பெரிய ஆர்கனில் எட்டடிக் குழாயும் பதினாறடிக் குழாயும் சுவரோரம் நிற்கும், பென்சில் அளவுக் குழாய்களும் உள்ளே இருக்கும்.

ஒரே மாதிரி குரலுள்ள குழாய்களின் ஒரு முழு வரிசையைத் திறந்துவிடும் குமிழுக்கு ஸ்டாப் என்று பெயர். ஒரு ஸ்டாப்பை இழுத்தால் புல்லாங்குழல் மாதிரி, இன்னொன்றை இழுத்தால் எக்காளம் மாதிரி. கையால் வாசிக்கும் கட்டை வரிசைக்கு மேனுவல் என்பார்கள். ஆர்கனில் இரண்டு மூன்று மேனுவல்கள் படிக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்டாப் வைத்துக்கொள்ளலாம். காலடியில் நீளமான மரக்கட்டைகள் வரிசையாக இருக்கும், அதுதான் பெடல். ஹார்மோனியத்தில் காற்றடிக்கிற வேலையே பெரிய வேலை. ஆர்கனில் வாசிப்பவருக்கும் காற்றுக்கும் சம்பந்தமே கிடையாது. பாக் காலத்தில் துருத்தி மிதிக்கத் தனி ஆள் இருப்பார், இப்போது மின்சார ஊதி. துருத்தியின் மேல் இருக்கும் பாரம் காற்றழுத்தத்தைச் சீராக வைத்துக்கொள்ளும்.

இதன் விளைவு முக்கியமானது. கட்டையை அழுத்தினால் குழாய்க்குக் கீழே ஒரு கதவு திறக்கும், விட்டால் மூடும். அவ்வளவுதான். ஓங்கி அடித்தாலும் பூப்போலத் தொட்டாலும் குழாய்க்குப் போகும் காற்று ஒன்றே, சத்தமும் ஒன்றே. பியானோவில் விரலின் வேகம் சத்தமாக மாறும், ஆர்கனில் மாறாது. குழாய்களைப் பெட்டிக்குள் அடைத்து, கதவைத் திறந்து மூடிச் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஏற்பாடு பிற்காலத்தில் பரவியது. பாக் வாசித்த ஆர்கன்களில் அது இல்லை. ஆக, ‘உணர்ச்சியோடு மெல்ல அழுத்துகிறார்’ என்பது வெறும் பேச்சு.

இன்னொரு விளைவும் உண்டு. ஆர்கன் ஸ்வரம் தேயாது. வீணையில் மீட்டிய நொடியிலிருந்து நாதம் இறங்க ஆரம்பிக்கும், பியானோவிலும் அப்படியே. ஆர்கனில் கட்டையை விடும்வரை முதல் நொடியில் எவ்வளவோ கடைசி நொடியிலும் அவ்வளவே. இதை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு ஜெர்மனியின் ஹால்பர்ஸ்டாட் ஊரில் ஓர் அத்தாட்சி இருக்கிறது. ‘முடிந்தவரை மெதுவாக’ வாசிக்கச் சொல்லி அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் எழுதிய ஆர்கன் படைப்பை அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் 2001 செப்டம்பரில் தொடங்கினார்கள். முதல் பதினேழு மாதம் வெறும் மௌனம். இப்போது பல ஸ்வரங்கள் சேர்ந்த ஓர் ஒலிக்கூட்டு ஆண்டுக்கணக்கில் நிற்கிறது, ஸ்வரம் மாறும் நாளில் ஊருக்கு ஆள் திரள்கிறது. முடிவது 2640-ல். மொத்தம் 639 ஆண்டுகள். நம் படைப்பின் வரிசை எண்ணும் 639 என்பது தற்செயல், யாரும் அதில் ஜோசியம் பார்க்க வேண்டாம்.

புசோனி என்ற இத்தாலியப் பியானோக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நம் படைப்பைப் பியானோவுக்கு மாற்றி எழுதினார். இன்று பலர் முதலில் கேட்பது அந்த வடிவத்தைத்தான். அழகானது, ஆனால் வேறு பொருள். பியானோவில் மெட்டின் ஒவ்வொரு ஸ்வரமும் பிறந்ததும் மங்குகிறது, அதனால் ஒரு ஏக்கம் தானாக வந்துவிடுகிறது. ஆர்கனில் அது கிடைக்காது. அங்கே ஸ்வரம் அசையாமல் நிற்கும், ஏக்கம் வேறு வழியாக வர வேண்டும்.

சுருக்கமாக: ஆர்கனில் விரல் பலத்துக்கு வேலையில்லை, ஸ்வரம் தேய்வதும் இல்லை. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்து வருவது எளிது.

மூன்று காலம், ஒரே நேரத்தில்

சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடுவார்கள். முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. தாளம் மாறுவதில்லை, ஒரு தட்டுக்குள் அடைக்கும் ஸ்வரம்தான் கூடுகிறது. நம் ஊரில் இவற்றை ஒன்று முடிந்து இன்னொன்றாகப் பாடுவார்கள். மூன்று பேர் உட்கார்ந்து, ஒருவர் முதல் காலம், ஒருவர் இரண்டாம் காலம், ஒருவர் மூன்றாம் காலம் என்று ஒரே தாளத்தில் சேர்ந்தே பாடினால்? அதுவும் ஒரே வரிசையை அல்லாமல், ஒன்றோடு ஒன்று பொருந்துகிற வெவ்வேறு வரிசைகளைப் பாடினால்?

நம் கோரல் பிரெலூட்டில் நடப்பது அதுதான். வலது கை ஒரு மேனுவலில் மெட்டை வாசிக்கிறது, பெரும்பாலும் தட்டுக்கு ஒரு ஸ்வரம், அங்கங்கே சின்ன அலங்காரத்தோடு. கால் பெடலில் தட்டுக்கு இரண்டு ஸ்வரம் மிதிக்கிறது, பல இடங்களில் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப. நடக்கிற காலடி மாதிரிச் சீராக. இடது கை இன்னொரு மேனுவலில் தட்டுக்கு நான்கு ஸ்வரம், மேலும் கீழுமாக நிற்காமல் இழைகிறது. மூன்றே குரல்கள், அந்த 46 கோரல்களில் மூன்று குரலோடு நிறுத்திக்கொண்டது இது ஒன்றுதான்.

எனவே ‘மெதுவான இசை’ என்று நாம் சொல்வது மேலே போகிற மெட்டை மட்டும் வைத்து. இடது கையைக் கவனித்தால் நொடிக்கு இரண்டு மூன்று ஸ்வரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நிஜமாகவே எல்லாம் மெதுவாக இருந்தால் இந்த மெட்டு சாய்ந்துவிடும். வேண்டுமானால் மெட்டை மட்டும் தனியாக யாரையாவது வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். தேயாத ஆர்கன் ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தட்டையாக, ஃபேக்டரி சங்கு மாதிரிக் கேட்கும். கீழே இரண்டு பேர் நகர்ந்துகொண்டே இருப்பதால்தான் மேலே ஒருவர் அவசரப்படாமல் இருக்க முடிகிறது. அந்த நிதானம் நமக்குத் தெரிவதே பக்கத்தில் ஓட்டம் இருப்பதால்தான்.

இந்த மூன்று வேகங்களும் படைப்பு முழுக்க மாறுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இடது கை களைப்பாறுவதில்லை, காலும் நிற்பதில்லை. பாட்டில் ஒவ்வோர் அடியின் முடிவிலும் மூச்சு வாங்கும் இடம் உண்டு; சபை பாடினால் அங்கே நிற்கும். மெட்டு அங்கே நின்றாலும் கீழே உள்ள இருவரும் நிற்காமல் அடுத்த அடிக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். முதல் இரண்டு அடிகளின் மெட்டே அடுத்த இரண்டு அடிகளுக்கும் என்பதால் முதல் பகுதி அப்படியே திரும்ப வரும். இரண்டாம் தடவை கேட்கும்போது நம் காது மெட்டை விட்டுவிட்டுக் கீழே போகத் தோதான இடம் அது.

இதற்குப் பெயரும் சொல்லிவிடுகிறேன்: தனித்தனிக் குரல்கள் தத்தம் போக்கில் போய்க்கொண்டே ஒன்றுக்கொன்று பொருந்துவதைக் கவுண்டர்பாயிண்ட் என்பார்கள். பாக் என்றாலே இந்தச் சொல் கூடவே வரும், பயந்துவிடத் தேவையில்லை.

ஒட்டாத ஸ்வரம் ஒட்டும் வரை

மெதுவான ஆர்கன் இசை நெஞ்சைப் பிடிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது வாத்தியத்தின் குணத்திலேயே இருக்கிறது.

மேல் குரல் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அது தொடங்கும்போது கீழே இருப்பவற்றோடு இணக்கமாக இருந்தது. அது நிற்கும்போதே கீழ்க் குரல் நகர்ந்துவிடுகிறது. இப்போது மேலே உள்ள ஸ்வரம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் சுற்றிலும் எல்லாம் மாறிவிட்டதால் அது உறுத்துகிறது. பிறகு அது ஒரு படி கீழே இறங்கி மறுபடி சேர்ந்துகொள்கிறது. இப்படிப் பழைய ஸ்வரத்தைப் பிடித்து வைத்து, உறுத்தவிட்டு, இறக்குவதற்குச் சஸ்பென்ஷன் என்று பெயர். மேற்கத்திய செவ்வியல் இசையில் ஏக்கம், கெஞ்சல், நிம்மதி என்று நாம் உணர்வதில் கணிசமான பங்கு இந்த ஒரு தந்திரத்துக்குச் சேரும்.

பியானோவில் இதைச் செய்தால், உறுத்தும் நேரத்துக்குள் மேல் ஸ்வரம் பாதி மங்கியிருக்கும். ஆர்கனில் மங்காது. உறுத்தல் முழு பலத்தோடு, அசையாமல், இறங்கும்வரை நிற்கும். மெதுவாகப் போகிற படைப்பில் அந்த நேரமும் நீளும். கேட்பவருக்கு ‘இறங்கு, இறங்கு’ என்று உள்ளே ஒரு தவிப்பு வரும், இறங்கியதும் தோள் தளரும். வாசிப்பவர் முகத்தைச் சுளித்து உணர்ச்சி காட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஏற்பாடு அப்படி.

பாக்கின் இன்னொரு கோரல் பிரெலூட், அதே தொகுப்பில் உள்ளது, ஆய்வாளர்களின் வரிசையில் எண் 622, இதைப் பெரிய அளவில் செய்கிறது. மனிதனின் பாவத்துக்காக அழச் சொல்லும் பாட்டு அது. அங்கே மெட்டு அலங்காரங்களால் மூடப்பட்டு, சட்டென்று அடையாளமே தெரியாது. ‘மிக மெதுவாக’ என்று தொடக்கத்தில் குறித்திருக்கிறார், முடிவுக்கு அருகில் இன்னும் மெதுவாக்கச் சொல்கிறார். 639-ஐக் கேட்டுப் பழகியபின் அதற்குப் போனால் ருசிக்கும். முதலிலேயே போனால் திகட்டும்.

வாசிப்பவர் என்னதான் செய்கிறார்?

சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது என்றால் ஒருவர் வாசிப்புக்கும் இன்னொருவர் வாசிப்புக்கும் வித்தியாசமே இருக்காதே என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது, அதுவும் நேரத்தில் இருக்கிறது.

ஒரு ஸ்வரத்துக்கு அழுத்தம் கொடுக்க வேண்டுமானால் ஆர்கன் வாசிப்பவர் அதற்கு முந்தைய ஸ்வரத்தைக் கொஞ்சம் சீக்கிரமாக விட்டுவிடுவார். நடுவில் மயிரிழை அளவு மௌனம் விழும். அதற்குப் பிறகு வரும் ஸ்வரம் காதுக்கு அழுத்தமாகக் கேட்கும். சத்தம் கூடவில்லை, முன்னால் இடம் விட்டார், அவ்வளவே. ஒரு ஸ்வரத்தைத் தாமதமாகத் தொடலாம், ஓர் அடியின் கடைசி ஸ்வரத்தை அரை மூச்சு கூடுதலாக நிறுத்தலாம். ஓடிக்கொண்டிருக்கும் இடது கையையும் காலையும் தடுமாறவிடாமல் இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம். பாக் இதைத் தொடக்கநிலைப் பாடம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்து மாணவர்கள் பாவம்.

ஸ்டாப் தேர்வும் அவர் கையில்தான். இந்தப் படைப்புக்குப் பாக் சொன்னது இரண்டு மேனுவலும் பெடலும் என்பது மட்டுமே. மெட்டுக்கு எந்தக் குரல் என்று குறிக்கவில்லை. ஒருவர் புல்லாங்குழல் வகையை எடுப்பார், இன்னொருவர் நாசிக் குரல் மாதிரிக் கூர்மையான ஸ்டாப்பை எடுப்பார், சிலர் காற்றையே லேசாக நடுங்கவைக்கும் ட்ரெமுலன்ட் என்ற கருவியையும் சேர்ப்பார்கள். அது மெட்டுக்கு ஒரு தழுதழுப்பைக் கொடுக்கும். கூடுதலாகப் போட்டால் அழுவாச்சியாகிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் கட்டடம். கல் தேவாலயத்தில் கட்டையை விட்ட பிறகும் சத்தம் சில நொடிகள் மேலே சுற்றிக்கொண்டிருக்கும். வேகமாக வாசித்தால் ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று குழம்பிவிடும். எனவே வாசிப்பின் வேகத்தைப் பாதி தீர்மானிப்பது சுவரும் கூரையும். பாக் வாசித்த வைமார் அரண்மனை ஆலயத்தில் ஆர்கன் கூரைக்கு நெருக்கமாக, கீழே இருப்பவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உயரத்தில் இருந்தது. சத்தம் மேலிருந்து கொட்டியிருக்கும். 1774-ல் அரண்மனை தீப்பிடித்ததில் அந்த ஆலயமும் போய்விட்டது. அங்கே அது எப்படிக் கேட்டது என்பது இனி ஊகம்தான்.

எல்லா மெதுவான ஆர்கன் இசையும் இப்படியா?

இல்லை. ஒலிவியே மெசியான் என்ற பிரெஞ்சுக்காரர் 1928-ல், இருபது வயதுகூட நிரம்பாதபோது, ‘பரலோக விருந்து’ என்ற பொருளில் ஒரு படைப்பு எழுதினார். அதில் கீழே ஓட்டம் எதுவும் இல்லை. ஒலிக்கூட்டுகள் நிஜமாகவே நின்று நின்று, நகர்கிறதா என்றே சந்தேகம் வரும்படி நகரும். ஆர்கன் ஸ்வரம் தேயாது என்ற குணத்தை அவர் நேரடியாகவே சரக்காக்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் பெடல் வரும். ஆனால் அடிக்குரலில் வராது. உயர்ந்த ஸ்டாப்களைப் பெடலுக்குக் கொடுத்து, காலால் நீர்த்துளி சொட்டுவது போல வாசிக்கச் சொல்கிறார். இங்கேதான் ‘மெதுவான இசை’ என்ற சொல் முழுசாகப் பொருந்தும். பாக்கிடம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போது எதைச் சொல்கிறோம் என்று யோசித்துச் சொல்ல வேண்டும்.

எதில் கேட்பது

செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். ரசனை பற்றிய அறிவுரை என்று நினைக்க வேண்டாம், இது எளிய கணக்கு. பெடலுக்குப் பொதுவாகப் பதினாறடிக் குழாய்களைச் சேர்ப்பார்கள், அவை நொடிக்கு நூறு அதிர்வுக்கும் கீழே இறங்கும். கைக்குள் அடங்கும் போனின் ஸ்பீக்கர் அந்த இடத்தில் ஏறக்குறைய ஊமை. மூன்று காலத்தில் இரண்டாம் காலக்காரர் பாதி காணாமல் போய்விடுவார். காலடி போனால் மிச்சம் இருப்பது ஒரு மெட்டும் ஒரு இழைவும்தான். அதைக் கேட்டுவிட்டுத்தான் பலர் இதைத் தூக்க இசை என்கிறார்கள். சுமாரான ஹெட்போன் போதும்.

முதல் தடவை மெட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை மெட்டை மறந்துவிட்டுக் காலை மட்டும் எண்ணுங்கள்: ஒரு தட்டுக்கு இரண்டு. இது பிடிபட்டால் இடது கை தானாகக் கேட்கும். வேறு வேறு ஆர்கன்களில் பதிவானவற்றை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் ஸ்டாப் என்ன செய்கிறது, கட்டடம் என்ன செய்கிறது என்று பத்து நிமிடத்தில் புரியும். ஒருவர் இரண்டு நிமிடத்துச் சொச்சத்தில் முடித்திருப்பார், இன்னொருவர் மூன்றரை நிமிடம் எடுத்திருப்பார். சென்னைக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. எழும்பூரில் புனித ஆண்ட்ரூ தேவாலயத்திலும் கதீட்ரல் சாலையில் புனித ஜார்ஜ் பேராலயத்திலும் பைப் ஆர்கன் இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் அதை வாசிப்பது கேட்கக் கிடைத்தால் முன் பெஞ்சு வேண்டாம், நடுவில் உட்காருங்கள். அடிக்குழாய்களின் சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் பெஞ்சுப் பலகையில் தெரியும்.